பெருங்குடற் புற்றுநோயும் பிழை திருத்தும் புரதங்களும்

 

வெள்ளி விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று முதலில் தயங்கினேன். ஆயினும், ஒரு மருத்துவ அறிக்கையைப் படித்து உரிய வினாவை எழுப்புவதும் கல்வியே அன்றோ? ஆகவே இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், தையற்காரப் பெண்மணி ஒருவர் ஆல்டிரட் வார்தின் என்னும் நோய்க்குறியியல் அறிஞரிடம் தம் குடும்பத் துயரைக் கூறினார். உறவினர் பலர் புற்றுநோயால் மாண்டனர். தாமும் இளமையிலேயே அவ்வாறு மாள்வது உறுதி என்றார். அவர் அஞ்சியவாறே கருப்பைப் புற்று அவர் உயிரைக் கவர்ந்தது. அக்குடும்பத்தின் வரலாற்றை வார்தின் 1913-இல் வெளியிட்டார். 1966-இல் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களைப் பற்றி எழுதினார். இம்மரபு நோய் இன்று அவர் பெயராலேயே லிஞ்ச் நோய்த்தொகுதி எனப்படுகின்றது. ஆய்வுக்கூடம் அறியுமுன் அதனை அறிந்தவர் அத்தையற்காரப் பெண்மணியே என்பதை மறவாதீர்கள்.

இந்நோயின் காரணம் யாது? உயிரணு ஒன்று இரண்டாகும்போதெல்லாம் அதன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. அச்சகத்தில் எழுத்துப் பிழை நேர்வது போல் அங்கும் பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்த எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்னும் நான்கு புரதங்கள் உள்ளன. முதல் இரண்டும் ஓர் இணை. பின் இரண்டும் ஓர் இணை. இவற்றுள் ஒன்று பழுதானால் பிழைகள் குவிந்து புற்றுநோய்க்கு வழி பிறக்கின்றது. பெருங்குடற் புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழப் பதினைவரிடம் இக்குறை உண்டு; சுமார் மூவரிடம் அது பரம்பரையாக வந்தது.

இக்குறையை அறியச் சோதனைகள் இரண்டு பெரிதும் வழக்கில் உள்ளன. முதலாவது, கட்டியின் மெல்லிய திசுத் துண்டில் அந்நான்கு புரதங்களுக்கும் நிறமேற்றி உருப்பெருக்கியில் காண்பது. இதனை இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்பர். பிழை திருத்துவோர் தம் இருக்கையில் உள்ளாரா என்று பார்ப்பதற்கு இது நிகர். எந்தப் புரதம் இல்லை என்று காட்டுவதால், எந்த மரபணுவை ஆராய வேண்டும் என்ற வழியும் புலனாகும்.

இரண்டாவது, பி.சி.ஆர். முறையில் மைக்ரோசாட்டிலைட் நிலையின்மையைக் காண்பது. டி.என்.ஏ.வில் ஒரே எழுத்தோ சில எழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. பிழை மிகுதியாக நேர்வது அங்கேதான். நோயாளியின் கட்டியையும் நலமான திசுவையும் ஒப்பிட்டு அவ்விடங்களின் நீளம் மாறியுள்ளதா என அளப்பர். 1997-இல் வகுத்த நெறியின்படி ஐந்து இடங்களுள் இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் நிலையின்மை மிகுதி எனக் கொள்வர். இது அச்சான தாளிலேயே பிழையைத் தேடுவது.

இவற்றுள் எது சிறந்தது? பெரும்பாலும் இரண்டும் ஒரே விடை தரும். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறையுண்டு. திருத்துவோர் இருக்கையில் அமர்ந்தே உறங்கலாம்; அதாவது, புரதம் இருந்தும் செயலற்றிருக்கலாம். அப்போது நிறச் சோதனை ஏமாற்றும். திசுவை முறையாகப் பதப்படுத்தாவிடினும் நிறம் ஏறாது. ஆதலால் அருகிலுள்ள நலமான உயிரணுக்களில் நிறம் ஏறியுள்ளதா என்று முதலில் நோக்க வேண்டும். பி.சி.ஆர். சோதனையோ, துண்டில் கட்டியின் உயிரணுக்கள் குறைந்தால் தவறக்கூடும், எம்.எஸ்.எச்.6 பழுதில் மாற்றம் மெலிதாகவே தெரியக்கூடும். எந்த மரபணு பழுது என்றும் அது கூறாது. பல இடங்களை ஒருசேரப் படிக்கும் புதிய மரபணு வரிசை முறையும் உண்டு. அதற்குச் செலவு மிகுதி. ஆகவே ஒரு சோதனையின் விடை குடும்ப வரலாற்றோடு முரண்பட்டால், மற்றதையும் செய்து பார்ப்பதே அறிவுடைமை.

எம்.எல்.எச்.1 இல்லை என்றவுடன் பரம்பரை நோய் என்று அஞ்சவும் வேண்டா. முதியோரிடம் அம்மரபணு பரம்பரையின்றியே அடங்கிப்போவது மிகுதி. கட்டியில் பிராஃப் வி600இ என்னும் மாற்றம் தென்பட்டால் பரம்பரை நோயாக இருப்பது மிக அரிது.

இவ்விடையைப் பொறுத்தே மருந்தும் அமைகின்றது. இக்குறையுள்ள கட்டிகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை அமெரிக்க அரசு 2017-இல் ஏற்றது; பரவிய பெருங்குடற் புற்றுக்கு முதல் மருந்தாகவே தர 2020-இல் இசைந்தது. விடை தவறினால் பயன்படும் மருந்து கிட்டாது. அல்லது பயன்படாத மருந்தில் காலம் கழியும்.

நோயாளியோடு இது முடிவதும் இல்லை. பரம்பரைப் பழுது உறுதியானால், உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனியே அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. அறிந்தவர் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் ஆராய்ந்து, நோயை முளையிலேயே கிள்ளலாம்.

இளைஞர்களே! உங்கள் இல்லத்தில் எவர்க்கேனும் இந்நோய் கண்டால் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: பிழை திருத்தும் புரதங்களைச் சோதித்தீர்களா? எம்முறையில் சோதித்தீர்கள்? எங்கள் குடும்ப வரலாற்றோடு அவ்விடை பொருந்துகின்றதா? குடும்பத்தில் யார், எந்த வயதில், எந்நோயால் மறைந்தனர் என்பதை இன்றே ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். அன்று அத்தையற்காரப் பெண்மணி அறிந்து கூறியும் அவரைக் காக்க வழி இல்லை. இன்று வழி உண்டு; கேட்பதற்கு நாம் வேண்டும்.