பச்சை விழுந்தால்

நான் இப்போ நிக்கிறது கவரைப்பேட்டை ஸ்டேஷன். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில. சிப்காட் ஷிஃப்டுக்குப் போற தம்பி ஒருத்தர் பெஞ்சில உட்கார்ந்து ரயில்வே குரூப் டி கைடைப் புரட்டிக்கிட்டிருக்கார். அந்தத் தேர்வில 100 கேள்வியில 30 ரீசனிங். அவர் பென்சிலால சுழிச்சு வெச்சிருந்த கேள்வி: "மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது. எனவே மழை பெய்ததா?" ஆமான்னு டிக் அடிச்சிருந்தார். தப்பு. தண்ணி லாரி கசிஞ்சாலும் தரை நனையும்.

'பெய்தால்'ல வர்ற இந்த 'தால்' நம்மள ஏமாத்துறது இன்னிக்கு நேத்து இல்ல.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு கிரேக்கத்தில கிரைசிப்பஸ்னு ஒரு தத்துவவாதி இதுக்கு விதி சொன்னார். பகல்னா வெளிச்சம், பகல்தான், அதனால வெளிச்சம் உண்டு. பகல்னா வெளிச்சம், வெளிச்சமே இல்ல, அதனால பகல் இல்ல. இந்த ரெண்டு வழிதான் செல்லும். வெளிச்சம் இருக்கு, அதனால பகல்னு கிளம்பினா அது அந்தத் தம்பி போட்ட டிக்.

நம்ம பக்கம் வாங்க. மணிமேகலை காப்பியத்தோட 29ஆம் காதை காஞ்சிபுரத்தில நடக்குது. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்துறது சுத்தமான லாஜிக் வகுப்பு. இந்த மலையில நெருப்பு இருக்கு: இது பக்கம். ஏன்னா புகை இருக்கு: இது ஏது. அடுக்களை மாதிரி: இது திட்டாந்தம். அப்புறம் அதைப் பொருத்திக் காட்டுற உபநயம், முடிவு சொல்ற நிகமனம். அதோட அவர் விடல. நெருப்பு இல்லாத இடத்தில புகை இருக்காது, தண்ணியில இல்லாத மாதிரின்னு எதிர்ப்பக்கத்தையும் காட்டுறார். கிரேக்கர் சொன்ன ரெண்டாவது வழி இதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க வர்ற கழுதை. ஒரு கழுதையையும் ஒரு கணிகையையும் ஒரு தடவை ஒண்ணாப் பார்த்தவன், அடுத்த தடவை கழுதையைப் பார்த்ததும் கணிகையும் பக்கத்திலதான் இருப்பாள்னு முடிவு கட்டலாமா? கூடாது. சேர்ந்து வந்ததெல்லாம் 'தால்' ஆகிடாது. கோச்சிங் சென்டர்ல இதைவிட நல்ல உதாரணம் நான் கேட்டதில்ல.

நடுவில பல நூற்றாண்டைத் தாண்டிடுறேன். 1854-ல ஜார்ஜ் பூல், யோசனையை அல்ஜீப்ரா மாதிரி எழுதிக் காட்டினார். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1856-ல, ஜான் சாக்ஸ்பி ரயில் சிக்னலையும், வண்டியை லைன் மாத்தி விடுற பாயிண்ட்டையும் இணைச்சு இயக்கக் காப்புரிமை வாங்கினார். இன்டர்லாக்கிங் வளர்ந்தது அங்கிருந்துதான்: பாயிண்ட் சரியாத் திரும்பாம சிக்னல் விழாது. இரும்பில செஞ்ச 'தால்'. 1937-ல 21 வயசு கிளாட் ஷானன், ரிலே சர்க்யூட்டையும் பூலோட கணக்கையும் ஒண்ணாச் சேர்த்து ஆய்வேடு எழுதினார். கம்ப்யூட்டர் அந்த வழியா வந்ததுதான்.

மெஷினுக்கு 'தால்' புரிஞ்சது சரி, மனுஷனுக்கு? 1966-ல பீட்டர் வேசன்னு ஒரு உளவியலாளர் நாலு அட்டையை மேஜையில வெச்சு சோதனை பண்ணினார். அதை நம்ம ஸ்டேஷன் பாஷையில சொல்றேன். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பக்கம் சிக்னல், மறுபக்கம் லைன். மேல தெரியுறது: பச்சை, சிவப்பு, மெயின், லூப் (ஸ்டேஷன்ல மெயினை விட்டுப் பிரியுற பக்க லைன்). விதி: "பச்சை விழுந்தால் பாதை மெயின் லைன்." விதி மீறப்பட்டிருக்கான்னு பார்க்க எந்த அட்டைகளைத் திருப்பணும்?

அவர் சோதனையில பெரும்பாலானவங்க கோட்டை விட்டாங்க. நம்ம கையும் பச்சைக்கும் மெயினுக்கும்தான் போகும். மெயின் அட்டையைத் திருப்பி என்ன பிரயோஜனம்? பின்னால சிவப்பு இருந்தாலும் விதி உடையாது. திருப்ப வேண்டியது பச்சையும் லூப்பும். 'தால்' வாக்கியம் பொய்யாகிறது ஒரே ஒரு நிலையில: முன்பாதி உண்மை, பின்பாதி பொய்.

அந்த ஒரே நிலை இதே ஸ்டேஷன்ல நடந்துச்சு. 2024 அக்டோபர் 11 ராத்திரி, மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன்ல பச்சை. வண்டி போனது லூப்புக்குள்ள, நின்னுக்கிட்டிருந்த சரக்கு ரயில் மேல. பெட்டிகள் தடம் புரண்டு பலருக்குக் காயம், உயிர் போகல. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிச்சு, பாயிண்ட்டோட பாகங்களை யாரோ கழற்றியிருக்காங்கன்னு சொன்னார். காகிதத்தில விதி சரியாத்தான் இருந்துச்சு. நட்டு, போல்ட் கழண்டிருந்தது தரையில.

தம்பிக்கு ரயில் வந்துடுச்சு. ஏறுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன், உங்களுக்கும் அதேதான். கம்பெனி கேட்ல போர்டு: "அடையாள அட்டை இல்லையென்றால் உள்ளே அனுமதி இல்லை." ஒருத்தர் கழுத்தில அட்டையோட வெளியே நிக்கிறார். அவரை உள்ளே விடுவாங்களா? ஆம், இல்லை, சொல்ல முடியாது. பேனாவை எடுக்கும்போது அந்த மூணாவதையும் ஒரு தடவை பாருங்க.