பிறனும் பந்தியும்



பத்தாம் ஆண்டு நிறைவில் விவிலியம் காட்டும் அறநெறி பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பத்துக் கட்டளைகளையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறளை இணைத்துக் காட்டி அமர்ந்துவிடலாம். அத்தகைய உரைகள் பலவற்றை நாம் கேட்டுவிட்டோம். திருடற்க, பொய் சொல்லற்க என்பன எல்லாச் சமயங்களுக்கும் பொது. அவற்றைச் சொல்வதற்கென்று விவிலியம் தனியே வேண்டியதில்லை. கிறித்தவ அறம் எந்தக் கடைக்காலின் மீது எழுகிறது, அக்கடைக்காலின் மேல் தமிழ்க் கிறித்தவராகிய நாம் எழுப்பியது என்ன என்னும் இரண்டு கேள்விகளையே உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக இரண்டு கவிஞர்களை அழைத்துக்கொள்கிறேன். இருவர் பெயரும் வேதநாயகமே.

சீனாய் மலையில் கட்டளைகள் ஏவலாகத் தொடங்கவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அடிமை வீடாகிய எகிப்திலிருந்து உங்களை மீட்டுக்கொண்டு வந்தவன் நான் என்று இறைவன் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறார். அதன் பின்னரே ‘செய்க’, ‘செய்யற்க’ என்பன வருகின்றன. விடுதலை முன்னே, விதி பின்னே. அறவழியில் நடந்தால் மீட்பேன் என்பதன்று; மீட்டுவிட்டேன், ஆதலால் மீட்கப்பட்டவர்க்கு ஏற்ப நடங்கள் என்பதே அதன் தொனி. அந்நியனை ஒடுக்காதீர்கள் என்னும் கட்டளைக்கு அங்கே சொல்லப்படும் காரணமும் இத்தகையதே. நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள், அந்நியரின் மனம் உங்களுக்குத் தெரியும் என்கிறது நூல். பட்ட துன்பத்தின் நினைவே அறத்தின் ஊற்றாகிறது.

தன்னைப் போலவே பிறரையும் நேசிக்க வேண்டும் என்னும் புகழ்பெற்ற கட்டளையை இயேசுபெருமான் புதிதாகச் சொன்னதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் முன்னரே உள்ளது. உபாகமத்திலுள்ள இறையன்புக் கட்டளையோடு அதனை இணைத்து, திருச்சட்டம் முழுவதும் இவ்விரண்டிலும் அடங்கும் என்றதே பெருமானின் பங்களிப்பு. அந்த 19ஆம் அதிகாரத்தைக் கவிஞர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். அறுவடையில் வயலின் ஓரங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது. கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கலாகாது என்கிறது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடையை வைக்காதே என்கிறது. நீதிமன்றத்தில் ஏழை என்பதற்காகவும் சாயாதே, செல்வன் என்பதற்காகவும் சாயாதே என்கிறது. படிக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும் என்கிறது. இவற்றின் நடுவேதான் அன்புக் கட்டளை அமர்ந்திருக்கிறது. வயல், கூலி, தராசு, வழக்கு ஆகியவற்றின் பெயரே அங்கு அன்பு. உள்ளம் உருகுதல் என்னும் பொருளில் அச்சொல்லை நம் பாடல்கள் பெரிதும் கையாண்டுவிட்டன. இது பாடல்களின் குற்றமன்று. படிக்கல்லை மறந்த நம் குற்றம்.

இனி ‘பிறன்’ என்னும் சொல்லுக்கு வருகிறேன். பழைய புரொட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு இக்கட்டளையில் ‘பிறன்’ என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்றது. மூலக் கிரேக்கச் சொல்லுக்கு ‘அருகே உள்ளவர்’ என்பது பொருள் ஆதலால், பின்னதே அதற்கு நெருக்கமானது. எனினும் பழைய சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. பிறன் என்பவன் நானல்லாதவன், என் வீட்டானல்லாதவன், வேறானவன். அடுத்திருப்பவரை நேசித்தல் எளிதாகவும் இருக்கலாம். நம் தெருவில் நமக்கு அடுத்திருப்பவர் பெரும்பாலும் நம்மவரே. நம் ஊர்கள் அவ்வாறுதானே அமைந்துள்ளன! பிறனை நேசித்தல் அவ்வளவு எளிதன்று.

சட்ட வல்லுநன் ஒருவன் இயேசுவிடம் கேட்டதும் இதைத்தான். பிறன் என்பவன் யார் என்றான். எல்லைக்கல் எங்கே நடப்பட்டுள்ளது என்பதே அவன் கேள்வியின் உட்பொருள். விடையாகக் கதை வந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் கள்வரால் குற்றுயிராய் விடப்பட்ட ஒருவன். ஆசாரியன் விலகிப் போனான், லேவியன் விலகிப் போனான், யூதர் தீண்டத் தயங்கும் சமாரியன் நின்றான். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேலும் செலவானால் திரும்பி வருகையில் தருவேன் என்றான். இரண்டு வெள்ளிக்காசு என்பது இரண்டு நாட் கூலி. கதையின் முடிவில் பெருமான் கேள்வியையே திருப்பிவிடுகிறார். பிறன் யார் என்று கேட்டவனிடம், இம்மூவரில் எவன் பிறனாய் நடந்துகொண்டான் என்று கேட்கிறார். அளந்து நட்ட எல்லைக்கல் அங்கே பெயர்ந்துவிடுகிறது. விடை சொல்லும்போதும் அந்த வல்லுநன் ‘சமாரியன்’ என்று வாயால் சொல்லவில்லை. இரக்கம் காட்டியவன் என்றே சொல்கிறான். இனப்பெயரை உச்சரிக்கவும் கூசும் நாக்கு! லூக்கா அதை ஒரு விளக்கமுமின்றி எழுதிவிட்டுப் போகிறார்.

இக்கடைக்கால் முதன்முதலில் சோதிக்கப்பட்ட இடம் பந்தி. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒன்றாய் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி, அப்பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் இது உள்ளது. பேதுரு கொள்கை எதையும் மறுத்துப் பேசிவிடவில்லை. பந்தி மாறி அமர்ந்தார், அவ்வளவே. அதனை நற்செய்தியின் உண்மைக்கே முரணான செயல் என்றார் பவுல்.

அதே பவுல்தான் உரோமையர் திருமுகத்தில், ஒருவன் இறைச்சி உண்கிறான், மற்றவன் மரக்கறி மட்டும் உண்கிறான், ஒருவன் நாள் பார்க்கிறான், மற்றவன் பார்ப்பதில்லை, ஒருவரையொருவர் பழிக்க வேண்டா என்றும் எழுதினார். வழக்கங்கள் வேறுபடலாம். உணவும் உடையும் இசையும் மலரும் அவரவர் உரிமை. ஆனால் ஒரு வழக்கம் உடன்பிறந்தவனைப் பந்தியிலிருந்து எழுப்புமானால் அது வழக்கமன்று, பாவம். விவிலிய அறத்தில் இதைக் காட்டிலும் கூரிய அளவுகோலை நான் கண்டதில்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774–1864) இந்த அளவுகோலோடுதான் அணுக வேண்டியுள்ளது. சுவார்ட்சு ஐயரால் வளர்க்கப்பட்டவர். இரண்டாம் சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். பெருவுடையார் மீது பாடுமாறு மன்னர் விரும்பியபோதும் தம் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மறுத்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். முதற் கட்டளையில் அசையாத உறுதி! ஆயினும், தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்தலும், திருவிருந்தை ஒரு சாதியார் பெற்ற பின்னரே மற்றவர் பெறுதலும் கூடா என்று புதிய பாதிரிமார் சொன்னபோது, சாஸ்திரியார் அவர்களை எதிர்த்து எழுதினார். 1829இல் அவர் எழுதிய முறையீடுகள் நமக்குக் கிடைத்துள்ளன. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டை இனியும் காலம் தாழ்த்தாமல் அடியோடு கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்ததும், தஞ்சையில் சபையே பிளந்தது.

சாஸ்திரியாரின் முறையீட்டைப் பொறுமையாகப் படித்தால் ஒன்று விளங்கும். அவர் சாதியை மட்டும் காக்க முற்படவில்லை. பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், விழாக்களில் மலரை விலக்குகிறார்கள், தமிழ்ப் பாடலைத் தடுக்கிறார்கள் என்ற குறைகளும் அதில் உள்ளன. இவற்றில் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. மலரும் கீர்த்தனையும் பவுல் அனுமதித்த வேறுபாடுகள். ஆனால் மலரையும் கீர்த்தனையையும் கட்டிய அதே நாரில் சாதியையும் சேர்த்துக் கட்டிவிட்டார் கவிஞர். எதிர்த்தரப்பாரும் அந்த நாரைப் பிரித்துப் பார்க்கவில்லை. மாலையோடு வீசப் பார்த்தனர். பண்பாடு எது, பந்தி பிரித்தல் எது என்று வகைப்படுத்தும் வேலை அன்று செய்யப்படவேயில்லை. அதன் விலையை மலர் கொடுக்கவில்லை. பின்வரிசையில் நிறுத்தப்பட்ட மனிதரே கொடுத்தனர்.

இது ஒரு திருச்சபைப் பிரிவின் கதை மட்டுமன்று. நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872இல் எழுப்பிய ஆலயம், பீடத்திலிருந்து கால்சட்டை போல் இரு கால்களாகப் பிரிந்தது. வேளாளர்க்கு ஒரு புறம், நாடார்க்கு ஒரு புறம். பிரித்த சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கும் நடந்தது. பீடம் ஒன்று, அப்பம் ஒன்று, சுவர் மட்டும் நடுவே! இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் பிரிந்தே கிடக்கின்றன.

மற்றொரு வேதநாயகர், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர். அவரைச் சாதி எதிர்ப்புப் போராளியாகக் காட்ட நான் முற்படவில்லை. வேறொரு காரணத்துக்காகவே அவரை அழைக்கிறேன். 1859இல் வெளிவந்த அவருடைய நீதிநூலில் கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. வழக்குமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப் ஆனவர் கைக்கூலியைப் பற்றி எழுதுவது நூலறிவால் எழுதுவதன்று. லேவியராகமம் சொன்ன சாயாத தராசை அவர் தம் மேசைமேல் வைத்திருந்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். கஞ்சித்தொட்டியும் ஒரு பந்திதான். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைப் போற்றி ஒரு கீர்த்தனை பாடினார். சைவப் புலவர் ஒருவர் கிறித்தவர் ஒருவரின் அறத்துக்குச் சான்று கூறினார். எரிகோ வழியில் நடந்த கதையைப் பாரதியார் படித்திருந்தாரோ இல்லையோ, அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருந்தது.

சாஸ்திரியாரின் பாடல்களை இனிப் பாடலாமா என்று கூட்டம் முடிந்ததும் நீங்கள் கேட்கக்கூடும். பாடலாம் என்பதே என் விடை. அன்று பின்வரிசைக்குத் தள்ளப்பட்டோரின் வழிவந்தவர்களும் அவற்றைப் பாடுகிறார்கள். அவை இப்போது அவர்களுடைய பாடல்களும் ஆகும். ஆனால் பாடுகிறவர் அவருடைய 1829ஆம் ஆண்டு முறையீட்டையும் அறிந்து பாடட்டும்.

இறுதியாக வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் நடத்தும் வாசிப்பு அரங்குகளில் நீதிநூலையும் 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’வையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். முன்னது முன்சீப்பின் இருக்கையிலிருந்து எழுதப்பட்டது. பின்னது பந்தியில் இடம் மறுக்கப்பட்ட ஒரு கிறித்தவப் பெண், கன்னியர் மடத்தின் உள்ளே கண்டதையும் சேர்த்து எழுதியது. இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே மேசையில் வைத்துப் பேசுவோம். அன்று மதிய உணவையும் இந்த மண்டபத்திலேயே வைத்துக்கொள்வோம்.