தொட்டிலிலிருந்து இறங்கிய இரட்டையர்

அண்ணனும் தங்கையும் காட்டுக்குள் அகப்பட்டு மாயக்காரியோடு மோதும் கதைகளைப் பற்றிய கருத்தரங்கு இது. நாஞ்சில் நாட்டில் கூடியிருப்பதால், இந்தப் பேச்சு கிரிம் சகோதரர்களின் ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாகர்கோவில் பார்வதிபுரத்தை அடுத்த கள்ளியங்காட்டிலிருந்தே தொடங்கலாம். இன்று வீடும் கடையும் வாகனமுமாக நெரியும் பகுதி அது. வில்லுப்பாட்டில் மட்டும் இன்னும் காடாகவே இருக்கிறது.

அந்தக் காட்டைப் பாடும் நீலி கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தென்குமரியில் பாடப்படும் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. கோயில் தாசி ஒருத்தி உறங்கும்போது, நகைக்கு ஆசைப்பட்ட வேதியன் ஒருவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். தேடிவந்த அண்ணன் அவள் உடலருகிலேயே உயிரை விடுகிறான். இருவரும் சோழ அரசனுக்கு நீலன், நீலி என்ற இரட்டைப் பிள்ளைகளாக மறுபடி பிறக்கிறார்கள். பகலெல்லாம் அவர்கள் பால்மணம் மாறாத குழந்தைகள். ஊரடங்கியதும் தொட்டிலைவிட்டு இறங்கிப் போய் மாடுகளைத் தின்பார்கள். விடியுமுன் திரும்பி வந்து ஒன்றும் அறியாதவர்கள்போலப் படுத்துக்கொள்வார்கள்.

பசுவும் கன்றும் கொஞ்சும் பாட்டைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இந்த மண்ணில், தேரூரில், 1876-இல் பிறந்தவர்தான். அந்தக் கன்றைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. மாட்டைத் தின்ற இரட்டையரைக் கோயில் கொடைவிழாவோடு விட்டுவிட்டது.

நீலி கதையில், அரசனுக்கு விஷயம் தெரிகிறது. பிள்ளைகளைக் காட்டில் கொண்டுபோய் விடச் சொல்கிறான்.

இந்த இடத்தில் உலகக் கதைகள் கைகோத்துக்கொள்கின்றன. கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் தொலைப்பவர்கள் பெற்றவர்களே. பெற்ற தாயே இப்படிச் செய்வாளா என்ற உறுத்தலோ என்னவோ, 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். சி. எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட நார்னியா கதையில் நான்கு உடன்பிறப்புகள் குண்டுவீச்சுக்குத் தப்ப லண்டனிலிருந்து அனுப்பப்படுகிறார்கள். வெள்ளைச் சூனியக்காரியைச் சந்திப்பது அதற்குப் பிறகு. எல்லாக் கதையிலும் பிள்ளைகள் முதலில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். சூனியக்காரி பிறகுதான் வருவாள்.

நாஞ்சில் கதை பிரிவதும் இங்கேதான். இந்தக் காட்டில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் கிழவி யாருமில்லை. பேயே அந்தப் பிள்ளைகள்தான். பழையனூர் என்ற ஊரில் நீலன் கொல்லப்படுகிறான், தங்கை தனியாகிறாள். போன பிறவியில் கொன்றவன் இப்போது ஆனந்தன் என்ற செட்டியாகப் பிறந்து, பேயை விரட்டும் மந்திரக் கத்தியோடு அந்த வழியே வருகிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். ‘இவர் என் புருஷன், கோபித்துக்கொண்டு போகிறார்’ என்று ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். கள்ளிப்பிள்ளை செட்டியைப் பார்த்து அப்பா என்கிறது. பெரியவர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். காலையில் செட்டி பிணமாகக் கிடக்கிறான். அவன் உயிருக்குப் பொறுப்பேற்ற எழுபது பேரும் மாள்கிறார்கள். கள்ளிக்கொம்பு பிள்ளையாகும் அந்த ஒரு காட்சிக்கு ஈடாக நார்னியாவில் எதுவும் இல்லை என்பது இந்தத் தலைமையுரையாளரின் கட்சி.

பழையனூர் நீலி பழைய ஆள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுத் தேவாரம் அவளைக் குறிப்பால் சொல்கிறது. சமணர்கள் அவளை நீலகேசி காப்பியத்தில் வாதம் செய்யும் அறிவாளியாக்கினார்கள். குமரி மாவட்டம் அதற்கும் ஒரு படி மேலே போய் அவளை இசக்கியம்மன் ஆக்கியது. ஆரல்வாய்மொழிக்கு அருகே, காற்றாலைகளுக்கு நடுவே, முப்பந்தல் இசக்கி கோயிலில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்கள். இசக்கி கோயில்களில் பிள்ளைவரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். இசக்கியின் மண்சிலைகள் சிலவற்றில் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், வாயில் இன்னொரு பிள்ளை இருக்கும். கிரெட்டல் சூனியக்காரியை அடுப்பில் தள்ளிவிட்டு வீடு திரும்பலாம். இங்கே தள்ளுவதற்கு இடமில்லை. அடுத்த கொடைக்கு அவளுக்குத்தான் பொங்கலிட வேண்டும்.

சிறுவர் எழுத்தாளர்கள் இதை எப்படிக் கையாள்வது? கூர்மூக்கும் துடைப்பமும் கொண்ட சூனியக்காரி தமிழ்ச் சிறுவர் பக்கங்களில் வெகுநாளாக உலவுகிறாள். இந்த மாவட்டத்துக்காரரான ஜெயமோகன் பெரியவர்களுக்கான கதைகளில் யட்சிகளை நிறைய எழுதியவர். அவரே சிறுவர்களுக்கு எழுதிய ‘பனிமனித’னில் மாயம் தேடி இமயமலைக்குப் போனார். அருமையான புத்தகம்தான், ஆனாலும் கள்ளியங்காடு அவருக்கு எவ்வளவு பக்கம்!

பேயும் கொலையும் பிள்ளைகளுக்கு ஆகாது என்பார்கள். கொடை நடக்கும் இரவில் வில்லுக்கு முன்னால் தாயின் மடியில் கிடப்பது யார்? வீசுகோல் நாணில் விழும்போது மணிகள் அதிர்கின்றன. குடமும் உடுக்கையும் சேர்ந்துகொள்கின்றன. பாதித் தூக்கத்தில் அந்தப் பிள்ளைகள் கேட்பது நீலி மாடு தின்ற கதையைத்தான். அவர்களுக்குத் தெரியாதது இந்தக் கதை அல்ல, இதைத் தங்களுக்கென்று எழுதிய புத்தகம்.

ஆய்வுக்கு அடித்தளம் இருக்கிறது. வில்லுப்பாட்டைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரித்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-இல் ஒரு நூல் தந்தார். அ.கா. பெருமாள் ஏடு ஏடாகத் தேடிக் கதைகளைப் பதிப்பித்தார். இவை கோயில் முற்றத்தில் பெரியவர்கள் பாடுவதை வைத்து எழுந்த வேலைகள்.

எனவே இன்றைய அமர்வுகளுக்கு ஒரு வேண்டுகோள். வில்லுப்பாட்டுப் புலவர் பாடுவதோடு நிறுத்தாமல், அதே கதையை வீட்டுத் திண்ணையில் ஆச்சி பேரனுக்கும் பேத்திக்கும் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். எதை விடுகிறாள்? தாசியின் கொலையையா, தின்ற மாடுகளையா? நீலனைச் சாகவிடுகிறாளா? கேட்கும் பேத்தி எந்த இடத்தில் குறுக்கிடுகிறாள் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.