நிலத்துக்காகப் பேசியவர் சிறையில்: கன் தி தேயுவை விடுதலை செய்!

வியட்நாம் தலைநகர் ஹனோயின் விளிம்பில் துவோங் நொய் என்றோர் ஊர். அந்த ஊர் விவசாயி கன் தி தேயு, 1962-இல் பிறந்தவர். 2020 ஜூன் 24 அன்று கைதாகி, எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனைக்கு ஆளாகியிருக்கிறார். அதே நாளில் அவருடைய இரண்டு மகன்களையும் போலீஸ் பிடித்தது. திரின் பா து என்ற மகனுக்கும் எட்டு ஆண்டு. திரின் பா ஃபுவோங் என்ற மகனுக்குப் பத்து ஆண்டு. ஃபுவோங்கின் மனைவி குழந்தை பெற்றுச் சில நாள்களே ஆகியிருந்தன. பச்சிளங்குழந்தை இருந்த வீட்டிலிருந்து தகப்பனைக் கொண்டுபோனார்கள். இந்த வழக்கில் அவர்கள் யாரையும் அடித்ததாகவோ எதையும் கொளுத்தியதாகவோ அரசுத் தரப்பே சொல்லவில்லை. பேசினார்கள், எழுதினார்கள், படம் எடுத்துப் பரப்பினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இந்தக் கொடுமையின் வேர் வியட்நாமின் நிலச் சட்டத்தில் இருக்கிறது. அந்நாட்டில் எந்த விவசாயிக்கும் நிலம் சொந்தமில்லை. 2013-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவு, நிலம் மக்கள் அனைவருக்கும் உரியது, அவர்கள் சார்பில் அரசே அதை நிர்வகிக்கும் என்கிறது. விவசாயியின் கையில் இருப்பது நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைக்கான சான்று மட்டுமே. மக்கள் அதைச் சிவப்புப் புத்தகம் என்பார்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் நெல் வயல் போன்ற நிலங்களுக்கு அந்த உரிமையை 20 ஆண்டுக்குத் தந்தது. தேசத்தின் நலனுக்காகவும் பொது நலனுக்காகவும் நடக்கும் சமூக, பொருளாதார வளர்ச்சிக்காக நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று 2013-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்பும் வணிக வளாகமும்கூட இந்த வளர்ச்சிக் கணக்கில் சேர்ந்துகொண்டன.

எடுக்கும்போது அது வயல்; அரசு நிர்ணயித்த வயல் விலைதான் இழப்பீடு. கைமாறிய பிறகு அது வீட்டுமனை. விலை பல மடங்கு. இடையில் நிற்கும் அந்தப் பெருந்தொகை உழுதவனுக்குப் போவதில்லை. வியட்நாமில் ஆண்டுக்கணக்காக அரசு அலுவலக வாசல்களில் மனுவோடு நிற்கும் ஆயிரக்கணக்கான விவசாயிகளின் கதை இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கிறது. உழுபவனுக்கு நிலம் என்று சொல்லித்தான் அங்கே கம்யூனிஸ்ட் கட்சி கிராமங்களை வென்றது. அந்தக் கட்சியின் அரசே உழுபவனை வயலிலிருந்து இறக்குகிறது என்றால், அதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

துவோங் நொய் ஹா தாய் மாகாணத்தில் இருந்த ஊர். 2008 ஆகஸ்டில் அந்த மாகாணம் முழுவதும் ஹனோயோடு இணைக்கப்பட்டது. வயல்கள் ஒரே நாளில் தலைநகரின் எல்லைக்குள் வந்தன. புதிய நகரக் குடியிருப்புத் திட்டங்களுக்காக நிலம் கேட்டது நிர்வாகம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இழப்பீட்டை வாங்க மறுத்தன. அந்த மறுப்பின் முகம்தான் கன் தி தேயு.

2014 ஏப்ரல் 25 அன்று போலீஸ் படையோடு வந்து நிலத்தைப் பறித்தார்கள். நடப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்த தேயுவையும் அவர் கணவரையும் கைது செய்தார்கள். கடமையில் இருந்தவர்களைத் தடுத்தார் என்று தேயுவுக்கு 15 மாதச் சிறை. வெளியே வந்தார், மறுபடியும் மக்களோடு மனு ஏந்தி நின்றார். 2016 ஜூனில் மீண்டும் கைது. பொது ஒழுங்கைக் குலைத்தார் என்று இந்த முறை 20 மாதம். 2018-இல் விடுதலையானார், அப்போதும் வாயை மூடவில்லை.

பிறகு தோங் தாம் நடந்தது. ஹனோய் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தெற்கே உள்ள கிராமம் அது. ராணுவத்துக்கென ஒதுக்கப்பட்ட 59 ஹெக்டேர் நிலம் தங்களுடையது என்று கிராமத்தார் வாதாடி வந்தார்கள். அவர்களின் தலைவர் லே தின் கின், அரைநூற்றாண்டுக்கு மேல் கட்சி உறுப்பினராக இருந்த முதியவர். 2020 ஜனவரி 9 அன்று விடியுமுன் பெரும் போலீஸ் படை ஊருக்குள் இறங்கியது. 84 வயதுக் கிழவர் தம் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போலீசார் மூவர் உயிரிழந்தார்கள். அந்த மூன்று சாவும் துயரமே. மூன்று குடும்பங்கள் நிர்க்கதியாயின. ஆனால், தூங்கும் கிராமத்தின் மீது அந்த நேரத்தில் படை ஏவியது யார், எதற்காக என்ற கேள்விக்குச் சுதந்திரமான விசாரணை நடக்கவே இல்லை. நடந்தது வேறு. 29 கிராமத்தார் மீது வழக்குப் போட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் கின்னின் இரண்டு மகன்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

அரசு ஊடகம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிராமத்துக் குடும்பங்கள் சொன்னதை வெளியுலகுக்குக் கொண்டுபோனவர்களில் தேயுவும் அவர் மகன்களும் முன் வரிசையில் இருந்தார்கள். தோங் தாம் தாக்குதல் நடந்து ஐந்து மாதம் கழித்து அவர்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

இந்த முறை குற்றவியல் சட்டத்தின் 117-ஆம் பிரிவு: அரசுக்கு எதிரான தகவலை உருவாக்குதல், வைத்திருத்தல், பரப்புதல். ஐந்து முதல் 12 ஆண்டு வரை, கடுமையான குற்றம் என்று கருதினால் 20 ஆண்டு வரை சிறை. 2021 மே 5 அன்று ஹோவா பின் மாகாண நீதிமன்றம் தாய்க்கும் து-வுக்கும் தீர்ப்பளித்தது. ஆண்டு முடிவதற்குள் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்த டிசம்பரிலேயே ஃபுவோங்குக்கும் தண்டனை வந்தது. தேயு மீதான மூன்று வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். 2014-இல் அலுவலரைத் தடுத்தார், 2016-இல் ஒழுங்கைக் குலைத்தார், 2020-இல் அரசையே எதிர்த்தார். அந்தப் பெண் செய்தது மூன்று முறையும் ஒன்றே: பறிபோன நிலத்தைப் பற்றி உரக்கச் சொன்னார். அவர் செயல் மாறவில்லை. குற்றத்தின் பெயரும் தண்டனையின் நீளமும்தான் ஏறிக்கொண்டே போயின.

தங்கள் நாட்டில் மனசாட்சிக் கைதிகளே இல்லை, சட்டத்தை மீறியவர்கள்தான் சிறையில் இருக்கிறார்கள் என்பது ஹனோயின் வழக்கமான பதில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு இது. பேச்சுரிமை, கூடும் உரிமை, ஆர்ப்பாட்ட உரிமை ஆகியவற்றை அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவே தருகிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை வியட்நாம் 1982-இலேயே ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு வாக்குறுதிகளையும் 117-ஆம் பிரிவு விழுங்கிவிடுகிறது. வளர்கிற நகரத்துக்கு நிலம் வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டும்தான். நியாய விலை கொடுத்து, உழுபவரின் ஒப்புதலோடு, நீதிமன்றத்தில் அவர் எதிர்த்து வாதாட வழி வைத்து எடுக்கட்டும். விலை போதாது என்றவரைச் சிறையில் தள்ளி எழுப்புகிற நகரத்தை வளர்ச்சி என்று ஏற்க முடியாது.

சிறைக்குள்ளும் அடக்குமுறை ஓயவில்லை. 2022-இல் திரின் பா து, தாம் அடிக்கப்பட்டதாகக் குடும்பத்தாரிடம் தெரிவித்தார். அதை எதிர்த்து உண்ணாநிலை இருந்தார். ஃபுவோங்கின் சிறை அறையில் எதிர்ப்பு வாசகம் எழுதிய தாள் கிடைத்தது என்று மறுபடியும் 117-ஆம் பிரிவில் வழக்கு. 2025 செப்டம்பரில் மேலும் 11 ஆண்டு. பூட்டிய அறைக்குள் இருந்த ஒரு தாளுக்கு 11 ஆண்டு! கைதானபோது அவர் விட்டுப்போன அந்தக் கைக்குழந்தை தகப்பனோடு வாழ வேண்டிய காலம் முழுவதையும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்கொள்கிறது.

ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் 2023 முதல் உறுப்பினராக இருந்த வியட்நாம், 2025 அக்டோபரில் மீண்டும் தேர்வாகியிருக்கிறது. அதே தேர்தலில் இந்தியாவும் தேர்வாயிற்று. 2016 முதல் இரு நாடுகளும் விரிவான உத்திசார் கூட்டாளிகள். ஆகவே புதுடெல்லிக்குப் பேசும் இடமும் உண்டு, கடமையும் உண்டு. இந்தக் கூட்டம் அந்தக் கடமையை வலியுறுத்துகிறது. கன் தி தேயுவும் இரு மகன்களும் நிபந்தனையின்றி விடுதலை செய்யப்பட வேண்டும். ஃபுவோங்கின் 11 ஆண்டுத் தண்டனை ரத்தாக வேண்டும். தோங் தாம் சாவுகள் அனைத்தும் சுதந்திரமாக விசாரிக்கப்பட வேண்டும். 117-ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். விடுதலையாகும் நாள் வரை மூவருக்கும் முறையான மருத்துவமும், தடையில்லாத குடும்பச் சந்திப்பும் கிடைக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளைக் கொண்ட தீர்மானத்தில் கூடியிருப்போர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். அது புதுடெல்லியில் உள்ள வியட்நாம் தூதரகத்துக்கும் இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்பப்படும்.