உங்கள் தந்தை என்ன தொழில் செய்கிறார்?

(நமது ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில் கிண்டியில் நடைபெற்ற வேலைவாய்ப்பு வழிகாட்டும் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நேர்முகத் தேர்வில் வெற்றி பெறுவது எப்படி என்று பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். உடுத்தும் உடை, அமரும் முறை, கைகுலுக்கும் விதம் ஆகியவற்றை விளக்கும் நூல்கள் நடைபாதைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. துவைத்துத் தேய்த்த சட்டையை அணிந்து, அரைமணி நேரம் முன்னதாகவே சென்றுவிட்டால் அந்தப் பாடம் முடிந்தது. இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து கேள்வி கேட்டவன். அங்கிருந்து கண்ட ஒரு விஷயத்தைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

1990களின் இறுதியில் ஒரு நாள், கடைசல் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஒருவரைத் தேர்வு செய்ய மூவர் அமர்ந்திருந்தோம். நம் சமுதாயத்து இளைஞர் ஒருவர் வந்தார். இயந்திரவியல் டிப்ளமோ, நல்ல மதிப்பெண். அவரை இலகுவாக்கலாம் என்று எண்ணி, "உங்கள் தந்தை என்ன தொழில் செய்கிறார்?" என்று நான்தான் கேட்டேன். "பிசினஸ்" என்றார். "என்ன பிசினஸ்?" என்று கேட்டேன். பதில் இல்லை. முகம் கறுத்துவிட்டது. அதன் பின்னர் கேட்கப்பட்ட எளிய தொழில்நுட்பக் கேள்விகளுக்கும் அவரால் பதில் கூற இயலவில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்தோம்.

பத்து நாட்கள் கழித்து, எங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே அதே இளைஞர் தம் தந்தையுடன் லேத்தில் நின்றுகொண்டிருந்தார். உளி மழுங்கிவிட்டதை ஓசையைக் கொண்டே அறிந்து, தந்தை சொல்லுமுன் இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் தேடிய ஆள் அவர்தான், பணியிடமோ நிரப்பப்பட்டுவிட்டது. சிறு வயது முதல் கற்ற வித்தையை வெட்கப்பட்டு மறைத்தது அவருடைய தவறு. கேட்கத் தெரியாமல் கேட்டது என்னுடைய தவறு. இரண்டில் எது பெரிது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. பொறியாளரின் மகனை இலகுவாக்கும் அதே கேள்வி, பட்டறைத் தொழிலாளியின் மகனைக் கூனிக் குறுகச் செய்கிறது என்பதை அந்த நாற்காலியில் இருந்தவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்ற கேள்வி என்பதைப் பலர் அறியமாட்டீர்கள். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்முகத்திற்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தனர். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்கி, பெற்றோர் யார், வசிப்பிடம் எது என்பன போன்றவற்றையே கேட்டனர் என்று மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர். அஜய் ஹாசியா வழக்கு எனப்படும் இதில் 1980 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி பகவதி, நேர்முகத்திற்கு மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையான செயல் என்றார். நேர்முகத்தை ஒலிநாடாவில் பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறினார். இன்று இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் 2025 மதிப்பெண்களில் நேர்முகத்திற்கு 275 மட்டுமே. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி முதல் நேர்முகமே நீக்கப்பட்டுவிட்டது. நம் மாநிலத்தின் குரூப் 4 தேர்வுக்கும் நேர்முகம் கிடையாது. நேர்முகத்திற்கு அஞ்சி அரசுத் தேர்வு எழுதாமலிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனியார் துறையில் நிலை வேறு. 2007ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவரும் சமமான தகுதிகளை எழுதி, பெயரை மட்டும் மாற்றி, செய்தித்தாள் விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பினர். முஸ்லிம் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயர் தாங்கியவற்றோடு ஒப்பிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது. தலித் பெயர்களுக்கும் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் தலைநகர்ப் பகுதியில் நிறுவனங்களின் பணியாளர் துறை மேலாளர்களைச் சந்தித்தனர். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று கூறிய அவர்களே, குடும்பப் பின்னணியையும் கேட்பதாக ஒப்புக்கொண்டனர்.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக அன்று. சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கையில் இன்னொரு செய்தியும் உள்ளது. 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் குடிமைப் பணி எழுத்துத் தேர்வு எழுதியவர்களில் முஸ்லிம்கள் 4.9 விழுக்காடு மட்டுமே. ஆனால் எழுதியவர்களின் வெற்றி விகிதம் ஏனையோருடையதைப் போலவே இருந்தது. மக்கள்தொகையில் 13.4 விழுக்காடு உள்ள சமுதாயம் தேர்வு அறைக்கு அனுப்பியதே குறைவு. ஆகவே மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்பு வரவில்லை என்று அமர்ந்துவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பையன் பத்து விண்ணப்பம் அனுப்பினால் நீங்கள் முப்பது அனுப்ப வேண்டியிருக்கும். இது நியாயமன்று, கணக்கு.

பெயரைச் சுருக்கி எழுதலாமா என்று சில பெற்றோர் கேட்கின்றனர். வேண்டாம். சான்றிதழில் உள்ள பெயரையே எழுதுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. முகமது என்ற ஒரே பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தேர்வில் வென்ற பின்னரும் சான்றிதழ் சரிபார்ப்பில் இதனால் அலைக்கழிந்தவர்களை நான் அறிவேன். இந்த மாதமே எடுத்துப் பாருங்கள்.

இனி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். என்ன பதில் சொல்வது? "என் தந்தை தொழிற்பேட்டையில் லேத் இயக்குகிறார். பள்ளி விடுமுறைகளில் அவருடன் நின்றிருக்கிறேன். வெர்னியர் பிடிக்க அங்கேதான் பழகினேன். அதன் காரணத்தைக் கல்லூரியில் கற்றேன்." மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். இதைக் கேட்கும் எந்த மேலாளரும் அடுத்த கேள்வியை லேத் பற்றியே கேட்பார். அது உங்கள் வீட்டுக் கேள்வி. தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தால், அதிகாலைக் கொள்முதலையும் அன்றாடக் கணக்கையும் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். கணக்குப் பிரிவு வேலைக்குச் செல்பவர் அதைச் சொல்லலாம். தாயார் தையல் வேலை செய்து படிக்க வைத்திருந்தால் அதையே சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. தந்தை பிரிந்து சென்ற வீட்டுப் பிள்ளை, "என் தாயார்தான் எங்களை வளர்த்தார்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் தோண்டுபவர் பண்பற்றவர்.

சகோதரிகளுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கும்: "திருமணம் எப்போது?" சினம் வேண்டாம், "வேலை நேரத்தையும் இடத்தையும் அறிந்தே விண்ணப்பித்திருக்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். உடன் வரும் தந்தையரோ அண்ணன்மாரோ வாயிலோடு நின்றுகொள்வது நல்லது. மகளுக்குப் பதிலாகப் பதில் சொன்ன ஒரு தந்தையால் வேலை போனதை நானே பார்த்தேன்.

தயாரிப்பு என்பது உங்கள் விண்ணப்பத்தை நீங்களே பகைவனைப் போலப் படிப்பது. எழுதியுள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரு கேள்வி பிறக்கும். விலைக்கு வாங்கிய பிராஜெக்டைப் பெருமையாகப் போட்டிருந்தால், ஏன் இந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தாய் என்ற ஒரே கேள்வியில் சாயம் வெளுத்துவிடும். சிறியதாயினும் கையால் செய்ததையே எழுதுங்கள். ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவோர், சிறு வாக்கியங்களாக, மெதுவாக, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மனத்துக்குள் ஒத்திகை பார்ப்பது பயன்படாது. நாக்கு பழக வேண்டும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை நாங்கள் தனியாகக் குறித்துக்கொள்வதுண்டு, நல்ல விதமாகத்தான்.

நம் வாசலிலேயே கிண்டி வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகப் பயிற்சி அளிக்கின்றனர். ஆவடியிலிருந்தும் வருகிறார்கள், நம் பிள்ளைகளைத்தான் காண்பது அரிது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் அமைகின்றன. ஜும்ஆ நேரத்தில் அழைத்தால் என்ன செய்வது என்று தயங்கிப் போகாமலே இருந்துவிடாதீர்கள். காலையிலேயே சென்று, ஜும்ஆவுக்கு முன்போ பின்போ நேரம் தருமாறு கேளுங்கள். என் பணிக்காலத்தில் இப்படிக் கேட்டவர் எவருக்கும் நாங்கள் மறுத்ததில்லை.

வருகிற ஞாயிறு முதல், இன்ஷா அல்லாஹ், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கூடத்தில் மாதிரி நேர்முகம் நடத்தவிருக்கிறோம். ஓய்வு பெற்ற இருவர் என்னுடன் அமர இசைந்துள்ளனர். ஒவ்வொருவரும் விண்ணப்பத்தின் இரண்டு படிகளைக் கொண்டுவர வேண்டும். முதல் கேள்வி எது என்பது இப்போதே உங்களுக்குத் தெரியும். தந்தையரும் அவசியம் வாருங்கள். பின்வரிசையில் அமர்ந்து, பிள்ளை உங்களைப் பற்றி என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். நடுவில் எவரும் எழுந்து திருத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. வஸ்ஸலாம்.