வீட்டுக்குள்ளிருந்து வரும் வெள்ளம்



மழைக்காலம் தொடங்கினால் நாம் எல்லாரும் வாசலைத்தான் பார்க்கிறோம். மணல் மூட்டை அடுக்குகிறோம். படிக்குக் குறுக்கே பலகை வைக்கிறோம். ஆனால், வாசல் காய்ந்திருக்கும் வேளையிலேயே குளியலறைத் தரைத் துளையிலிருந்தும் கழிப்பறைக் கிண்ணத்திலிருந்தும் கறுத்த நீர் பொங்கி வருவதுண்டு. வீட்டுக்குள்ளிருந்தே வரும் இந்த வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் இந்தத் தொல்லையை நாம் அறிந்ததில்லை. பல தோட்டங்களில் கழிப்பறை லயத்துக்கு அப்பால் தனியாக இருந்தது. வீட்டு முன்னே திறந்த கால்வாய் ஓடியது. தோட்டங்களை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் பல, சேமநிதிப் பணத்தைப் போட்டுத் தாமான்களில் வரிசை வீடுகளை வாங்கின. அங்கே கழிப்பறை வீட்டுக்குள் வந்துவிட்டது. அதோடு, தெருவுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் வாயும் வீட்டுக்குள் வந்துவிட்டது. குழாய்க்கு இரண்டு பக்கமும் வாசல்தான். கழிவு வெளியே போகும் வழியாகவே அது திரும்பியும் வரலாம்.

நம் மலேசியாவில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி. மழைநீர் கால்வாயில் ஓடி ஆற்றில் சேர வேண்டும்; கழிவுநீர் மூடிய குழாயில் ஓடிச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர வேண்டும். கழிவுநீர்க் குழாய் மழைநீரைத் தாங்கும் அளவுக்குச் செய்யப்பட்டதன்று. வெள்ளம் மேன்ஹோல் மூடிகளை மூழ்கடித்தாலும், வெடித்த குழாய்களின் வழியே நீர் கசிந்தாலும், மின்சாரம் நின்று இறைப்பு நிலையம் ஓய்ந்தாலும் குழாய் நிரம்பிவிடும். நிரம்பிய நீர் எங்கே வழியிருக்கிறதோ அங்கே ஏறும்.

சிக்காகோ போன்ற பழைய அமெரிக்க நகரங்களில் நிலைமை வேறு. அங்கே மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. வீட்டுக்கடியில் நிலவறையும் உண்டு. பெருமழை பெய்தால் முதலில் நிரம்புவது அந்த நிலவறைதான். மிகுதி நீரைத் தேக்கிவைக்க 1975ஆம் ஆண்டு முதல் அந்நகரில் பெரும் ஆழ்சுரங்கங்களைத் தோண்டினார்கள். நம் வீடுகளில் நிலவறை இல்லை. ஆனால் தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கும் குளியலறை, அந்த நிலவறையின் இடத்தில்தான் இருக்கிறது.

ஆகவே, நம் வீடு தாழ்ந்ததா உயர்ந்ததா என்பதை முதலில் அறிய வேண்டும். கண் பார்வையை நம்ப வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் முறை ஒன்று உண்டு. நீண்ட ஒளிபுகும் ரப்பர்க் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் அருகே ஒருவர் நிமிர்த்திப் பிடிக்கட்டும். மறுமுனையைக் குளியலறையில் மற்றொருவர் பிடிக்கட்டும். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து மூடிவரை எத்தனை அங்குலம், குளியலறைத் தரைவரை எத்தனை அங்குலம் என்று அளந்து பாருங்கள். குளியலறையில் அளவு கூடுதலானால் உங்கள் தரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். குழாய் நிரம்பும்போது அந்த மூடி வழியாக நீர் வெளியேறுவதற்கு முன்பே உங்கள் வீட்டில் ஏறிவிடக்கூடும். அளக்கும்போது மேன்ஹோல் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே உயிரைப் பறிக்கும் வாயு இருக்கலாம்.

தரை தாழ்ந்த வீட்டுக்கு நிலையான காப்பு, ஒருவழி வால்வுதான். கடலோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அங்கே கரையில் மடைக்கதவு இருக்கும். வற்றும்போது கால்வாய் நீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும்; பெருகும்போது கடல் நீரே கதவை அழுத்தி மூடிவிடும். இந்த வால்வும் அப்படித்தான். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் குழாயில், முற்றத்தில், மூடி போட்ட சிறு குழிக்குள் அதை அமைப்பார்கள். உரிமம் பெற்ற குழாய் வேலைக்காரரைக் கொண்டே செய்யுங்கள். வரிசை வீடுகளில் அண்டை வீட்டுக் கழிவும் சேரும் குழாயில் பொருத்தினால், நம் வீட்டைக் காத்து அவர்கள் வீட்டை நிரப்பியவர்கள் ஆவோம்.

இந்த வால்வைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். ஒன்று, கொழுப்பும் துணிநூலும் சிக்கினால் கதவு மூடாது. மழைக்காலத்துக்கு முன் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். மற்றொன்று, கதவு மூடியிருக்கும்போது நம் கழிவும் வெளியே போகாது. அந்த நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டினால் அந்தத் தண்ணீரே வீட்டை நிரப்பும்.

வால்வு வைக்க வசதியில்லாதவர்கள் என்ன செய்வது? முரட்டுப் பிளாஸ்டிக் பைகளில் மணல் நிரப்பி இறுகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ள எச்சரிக்கை கேட்டவுடன் ஒரு பையைக் கழிப்பறைக் கிண்ணத்தினுள் அழுத்தி வையுங்கள். மற்றொன்றைத் தரைத் துளைமேல் வையுங்கள். தொட்டிகளுக்கு அடைப்பான் போட்டு, மேலே பாரம் ஏற்றுங்கள். இது நீரைத் தாமதப்படுத்தும். முற்றிலும் நிறுத்தும் என்று எண்ணாதீர்கள். கிடைக்கும் நேரத்தில் பத்திரங்களையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் உயரத்தில் ஏற்றுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே, தரை காய்ந்திருக்கும்போதே, மின்சார முதன்மைச் சுவிட்சை அணையுங்கள். வெளியேறச் சொன்னால் உடனே வெளியேறுங்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமானில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. அத்தகைய வெள்ளத்தின் முன் எந்த வால்வும் எந்த மூட்டையும் நிற்காது.

நீர் வடிந்த பிறகும் கவனம் வேண்டும். அது வெறும் சேறன்று; மலமும் எலியின் சிறுநீரும் கலந்தது. காலணியும் கையுறையும் அணிந்து, முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு குளோரக்ஸ் போன்ற மருந்தைப் புட்டியில் எழுதியுள்ள அளவுப்படி பயன்படுத்துங்கள். அதனுடன் கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலக்காதீர்கள். நச்சு வாயு எழும். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் தலைகாட்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் தாமதிக்காமல் டாக்டரிடம் செல்லுங்கள். வெள்ள நீரில் இறங்கியதை மறவாமல் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. சிலர் முற்றத்துக்குக் கூரை போடும்போது, கூரைத் தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்துவிடுகிறார்கள். அருகில் இருக்கிறது, எளிது என்பதே காரணம். இதற்கு விதி இடந்தருவதில்லை. காரணமும் தெளிவானது. ஒரு கூரையின் நீரைக் குழாய் தாங்கலாம். தெருவிலுள்ள எல்லாக் கூரைகளின் நீரையும் தாங்குமா? மேட்டு வீட்டுக்காரர் இறக்கிய மழைநீர், பள்ளத்து வீட்டுக்காரரின் கழிப்பறையில் பொங்குகிறது. மூட்டையும் வால்வும் அவரவர் வீட்டைக் காக்கும். கூரை நீரைக் கால்வாயில் விடுவது தெருவையே காக்கும்.

ஆகவே நேயர்களே, மழை வருவதற்கு முன் ஒரு நாள் உங்கள் கூரைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாயில் முடிந்தால் அதைக் கழற்றிக் கால்வாய்க்குத் திருப்புங்கள். அதற்கு ஒரு முழக் குழாயும் அரைநாள் உழைப்பும் போதும்.