லாக் புக்கும் டைரியும்



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவன் நான். எங்கள் லைனில் ஒரு மெஷின் பத்து நிமிஷம் நின்றாலும் லாக் புக்கில் ஏறிவிடும்: எப்போது நின்றது, என்ன காரணம், யார் சரிசெய்தது. அந்த மெஷினை ஓட்டுகிற மனுஷனுடைய நாளை யார் எழுதுவது? அவனேதான் எழுத வேண்டும்.

"எழுத என்ன சார் இருக்கு?" என்பீர்கள். புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, ஊரில் கேட்ட வதந்தி, எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழில். இலக்கியம் படைக்க அவர் உட்காரவில்லை. இன்று அக்காலத்துப் புதுச்சேரியை அறிய அது முக்கிய ஆதாரம்.

வாராவாரம் ஷிப்ட் மாறுகிற நமக்குத் திங்கள் எது, வியாழன் எது என்றே தெரிவதில்லை. அதனால் வேலை முடிந்ததும் நாலு வரி எழுதி வைக்கிறேன். ஒரு மாதக் கடைசியில் புரட்டிப் பார்த்தேன். மகள் விழித்திருக்கும்போது நான் வீட்டிலிருந்தது 9 நாள்தான்! அந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான் துணிந்து ஜெனரல் ஷிப்ட் கேட்டேன், கிடைத்தது.

லாக் புக் கம்பெனிக்குச் சொந்தம். டைரி நமக்குச் சொந்தம். இன்று ராத்திரியே தேதி போட்டு ஆரம்பியுங்கள். இங்கே யார் யாரைப் பார்த்தீர்கள் என்பதே முதல் பக்கமாக இருக்கட்டும்.